மீநுண்பொருளும் கீழடிக் கருமையும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பு மாணாக்கி ஒருத்தி அண்மையில், "ஐயா, 'நானோ' என்றால் என்ன பொருள்?" என வினவினாள். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள், சொல் விளங்கவில்லை.

அது கிரேக்கச் சொல். குள்ளன் என்பது பொருள். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கின், ஒரு கூறே அவ்வளவை. நுண்மையினும் நுண்மையாதலின் 'மீநுண்' என்றேன், உடனே விளங்கிக்கொண்டாள். நமக்குக் 'குறள்' இருக்க, 'குறள்மீட்டர்' எனலாமே என்பார் நண்பர் ஒருவர். அதுவும் அழகே. எனினும் 'மீநுண்' முன்னரே வழக்கில் ஊன்றிவிட்டது. ஊன்றிய நாற்றைப் பிடுங்க வேண்டா.

சிறிதாக்குவதால் என்ன வந்துவிடும்? பக்கம் 1 செ.மீ. உள்ள கட்டியின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதனையே 1 மீநுண்மீட்டர்க் கட்டிகளாக நறுக்கின், மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர் ஆகும். ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் நிலம்! எடையோ மாறவில்லை. வினை நிகழ்வது மேற்பரப்பிலாதலின், அடங்கிக் கிடந்த பொருளும் துடிப்புறுகின்றது. பொன்துகள் சிவந்து தோன்றுகின்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பிரதீப் குழுவினர், வெள்ளி மீநுண்துகளால் குடிநீரின் பூச்சிக்கொல்லி நஞ்சை நீக்கும் வழி கண்டனர்.

கரிமக் குழல்களைச் சப்பானியராகிய சுமியோ ஈசிமா 1991இல் விளக்கிய பின்னரே உலகம் அவற்றை உற்று நோக்கியது. எஃகினும் வலியவை, எடையோ மிகக் குறைவு. 2006இல் செருமனியின் திரெசுதன் நகர்ப் பேராசிரியர் பவுபிளர் குழுவினர், 17ஆம் நூற்றாண்டுத் தமாசுக்கசு வாளொன்றில் இக்குழல்களைக் கண்டனர். அவ்வகை வாளுக்கு மூலம் இந்நிலத்து 'ஊட்சு' எஃகு. நம் 'உருக்கு'ம் கன்னட 'உக்கு'ம் ஒருவேரின. அதன் திரிபே 'ஊட்சு' என்பர்.

2020இல் வேலூர் ஆய்வாளர்கள், வைகைக் கரைக் கீழடியின் பானையோடுகளில், உட்புறக் கரும்பூச்சினுள் அதே குழல்களைக் கண்டு வெளியிட்டனர். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஓடுகள் அவை! செடிச்சாறு போன்றது பூசிக் கடுந்தீயில் சுட்டிருக்கலாம் என்பது அவர்தம் கருத்து.

இங்கே ஒரு சொல். நம் குயவர் மீநுண்ணியல் கற்றிருந்தனர் என மேடையில் முழங்காதீர்! அவர் குழலைக் கண்டாரல்லர். தீயை அறிந்தார், மண்ணை அறிந்தார், உதிராத கருமையை எய்தினார். அவ்வளவே உண்மை, அதுவே பெரிது. மிகைப்படக் கூறின், மெய்யான பெருமையையும் பிறர் எள்ளுவர்.

எனக்குள்ள வருத்தம் வேறு. அவ்வோட்டின் ஆய்வுரை ஆங்கிலத்தில் உள்ளது. கீழடிச் சிறுவன் தன் ஊர்ப் பானையைப் பற்றிப் படிக்க அயன்மொழி வாயிலில் நிற்க வேண்டுமா? இங்குள்ள வேதியல் ஆசிரியர்கள் அதனைப் பத்துப் பக்கத்தில் எளிய தமிழில் எழுதித் தருக. சொல் திருத்தும் பணி என்னது. அடுத்த கூட்டத்திற்குள் கொணர்க.