நாற்காலியும் நண்பகல் உணவும்



ஆவடியிலே பேச வருகிறவன் 1955ஐ மறந்துவிட்டுப் பேச முடியாது. அந்த ஆண்டு சனவரியில் இங்கேதான் காங்கிரசு மாநாடு கூடிற்று. நேரு பண்டிதர் வந்தார். சோசலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் எனத் தீர்மானம் நிறைவேறிற்று. தீர்மானத்திற்கென்ன, தாளும் மையும் போதும்! அதைத் தட்டிலே சோறாக்கிக் காட்டியவர் யார்? பொருளாதாரம் பயின்ற மேதையல்ல; விருதுபட்டியில் பள்ளிப் படிப்பைப் பாதியிலே விட்ட காமராசர். கல்லூரியைப் பாதியிலே விட்டுவந்த எனக்கு அதிலே சற்று மகிழ்ச்சி என்பதை மறைப்பானேன்?

மாற்றுக் கட்சித் தலைவரை ஏன் புகழ்கிறாய் என்பீர். புகழவில்லை, அளந்து பார்க்கிறேன். அளவுகோல் அமெரிக்காவிலிருந்து வந்தது.

அந்நாட்டின் தென்பகுதியிலே லூசியானா என்றொரு மாநிலம். 1928இல் அதன் ஆளுநரானார் ஹ்யூயி லாங். ஆளுநர் என்றதும் கிண்டி மாளிகையை நினைக்காதீர். அங்கே ஆளுநர் மக்கள் வாக்கிலே வந்து ஆட்சி நடத்துபவர், நம் முதலமைச்சர் போல. ஊர் ஊராய்ப் பொருள் விற்றுத் திரிந்தவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல் தந்தார். சேற்றுப் பாதைகளைச் சாலைகளாக்கினார். எண்ணெய்க் கம்பெனிகளை எதிர்த்து நின்றார். ஏழைகள் தெய்வமென்றனர். ஆனால், 1930இல் செனட்டராகத் தேர்வு பெற்ற பின்னும் 1932 வரை ஆளுநர் நாற்காலியை விட்டாரில்லை! விட்ட பின்னரும் தம் கையாளை அதிலே அமர்த்தி, வாசிங்டனிலிருந்தபடியே ஆட்டிப் படைத்தார். 1935 செப்டம்பரில், தாம் எழுப்பிய சட்டமன்ற மாளிகையிலேயே சுடப்பட்டு மாண்டார்.

காமராசர் 1954 ஏப்ரலில் முதல்வரானார். குலக்கல்வித் திட்டம் குழிக்குள் போயிற்று. 1956இல் நண்பகல் உணவு. சென்னை மாநகராட்சிப் பள்ளியிலே தியாகராயர் 1920லேயே உணவளித்தார் என்பதை நம்மவர் நினைவிற் கொள்க. எனினும் அதை நாடெங்கும் பரப்பியவர் காமராசரே. பரப்பிய முறையைப் பாருங்கள். அரசு மட்டுமே அள்ளி வழங்கவில்லை. ஊரார் அரிசியும் பருப்பும் விறகும் தந்தனர். 1958இல், இதே இருப்புப் பாதையிலே மேற்கேயுள்ள கடம்பத்தூரில், முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்றார். மக்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்குத் தாங்களே கொடையாளராயினர். கை நீட்டி வாங்குகிறவனையே கொடுக்கிறவனாக்கிய வித்தை லூசியானாவில் இல்லை!

1963 அக்டோபர் 2. நாற்காலியைத் தாமாகவே விட்டார். துறவு என்கிறார்கள், நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். விட்டது நாற்காலியை, செல்வாக்கை அல்ல. அடுத்த ஆண்டே அகில இந்தியக் காங்கிரசுத் தலைவர். சாத்திரியாரும் இந்திரா அம்மையாரும் பிரதமரானதிலே அவர் கை இருந்தது. ஆயினும் கோட்டையிலே அமர்ந்தவர் பக்தவத்சலம். 1965இல் மொழிப்போர் மாணவர்மீது துப்பாக்கி பேசிற்று, அரிசி அரிதாயிற்று. அந்தப் பழி காமராசர் தலையிலும் விழுந்தது. விழ வேண்டியதே என்பேன்.

1967இல் சொந்த விருதுநகரிலேயே மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அவர் போட்ட சோற்றைத் தின்று படித்த பிள்ளைகள் எத்தனை பேர் அன்று எதிரணியின் கொடி பிடித்தனரோ! தோற்றவர் தீர்ப்பை ஏற்றார். 1969இல் நாகர்கோவில் மக்களிடம் போய் வாக்குக் கேட்டார், வென்றார். சென்னையிலே திருமலைப்பிள்ளை சாலை வாடகை வீட்டிலேதான் வாழ்ந்தார், 1975 அக்டோபர் 2 வரை.