“இங்கே இல்லை” என்பதும் விடைதான்

 

அடிப்படைத் துகள்களுக்கு நிறை எங்கிருந்து வந்தது? அதற்கான வழியொன்றை 1964-இல் பீட்டர் ஹிக்ஸ், பிரான்சுவா ஆங்லேர், ராபர்ட் பிரௌட் முதலியோர் கணிதத்தால் காட்டினார்கள். 1967-இல் ஸ்டீவன் வைன்பெர்க் அதை எலக்ட்ரானுக்கும் பொருத்தினார். அதன்படி, வெளி முழுவதும் ஒரு புலம் பரவியிருக்கிறது. அதனோடு எவ்வளவு வலுவாகப் பிணைகிறதோ அவ்வளவு நிறை ஒரு துகளுக்குக் கிடைக்கிறது. பிணையாத ஒளித்துகளுக்கு நிறையே இல்லை. எலக்ட்ரானும் அப்படி இருந்திருந்தால் அணுக்கள் உருவாகியிருக்காது. நாமும் இங்கே கூடியிருக்க மாட்டோம்.

புலம் உண்மையென்றால் அதற்குரிய துகளும் இருக்க வேண்டும். ஆனால் அந்த ஹிக்ஸ் துகளின் நிறை எவ்வளவு என்று கோட்பாடு சொல்லவில்லை. தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தின் லெப் மோதுவி 2000 வரை இயங்கியது. 114 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே அந்தத் துகள் இல்லை என்று அதன் தரவுகள் காட்டின. அமெரிக்காவின் டெவட்ரான் மோதுவி, 165-ஐ ஒட்டிய பகுதியிலும் இல்லை என்றது. 2011-இல் அதுவும் நிறுத்தப்பட்டது. லெப் இருந்த அதே 27 கிலோமீட்டர் சுரங்கத்தில் அமைந்த பெரிய ஹாட்ரான் மோதுவியில், அட்லஸ், சிஎம்எஸ் என்னும் இரு குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்தன. 2012 ஜூலை 4 அன்று, 125-க்கு அருகே புதிய துகள் இருப்பதாக இரண்டும் அறிவித்தன. மறு ஆண்டு ஹிக்ஸும் ஆங்லேரும் நோபல் பரிசு பெற்றார்கள். பிரௌட் அதற்குள் மறைந்துவிட்டார்.

இன்று பட்டம் பெறும் இளைஞர்களே, லெப்பிலும் டெவட்ரானிலும் உழைத்தவர்கள் தோற்றவர்கள் அல்லர். “இங்கே இல்லை” என்று அவர்கள் நேர்மையாக எழுதி வைத்ததால்தான் தேட வேண்டிய எல்லை சுருங்கியது.

தேடல் முடியவில்லை. நியூட்ரினோ என்னும் துகளுக்கும் நிறை உண்டு என்று 1998-இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வு காட்டியது. அந்த நிறை வந்த வழி இன்னும் விளங்கவில்லை. சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான கரும்பொருள் எந்தத் துகளால் ஆனது என்பதும் தெரியவில்லை. மீச்சமச்சீர்க் கோட்பாடு எதிர்பார்த்த துகள்கள் எவையும் இதுவரை சிக்கவில்லை.

நீங்கள் எந்தத் துறைக்குச் சென்றாலும், எதிர்பார்த்தது கிடைக்காதபோது அதை மறைக்காதீர்கள். முடிவுக்கு ஏற்பத் தரவுகளை வளைக்காதீர்கள். கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். உங்களுக்குப் பின்வருபவர் அதை நம்பியே அடுத்த அடி வைப்பார். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக நீங்கள் விளங்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.