கவிதை குடியேறும் வழங்கி



அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் கூடிப் பாடிய நம் பத்தாண்டுக் கவிதைகளை இணையத்தில் ஏற்ற விழைகிறோம். வேர்டுபிரஸ் மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆயின் அது குடியிருக்க வழங்கியில் வாடகைக்கு இடம் வேண்டும். குறைந்த வாடகை ஒன்றே தகுதியாகாது. பி.எச்.பி. மொழியின் அண்மைப் பதிப்பு, மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளம், எச்.டி.டி.பி.எஸ். பாதுகாப்பு ஆகிய மூன்றும் அங்கு உண்டா என முதலில் வினவ வேண்டும்.

நான்காம் வினா எழுத்தைப் பற்றியது. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. யுனிகோடில் ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 வடிவில் 15 பைட்டுகள். தரவுத்தளம் 'லத்தீன்1' முறையில் அமைந்திருப்பின் பாட்டு வெறும் வினாக்குறிகளாக மாறிவிடக்கூடும். 'யுடிஎஃப்8எம்பி4' எனக் கேட்டுப் பெறுக. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் பழைய குறியீட்டு நூல்களை யுனிகோடுக்கு மாற்றியே காத்தது.

ஐந்தாவது, காப்புநகல். 2009-இல் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீசை மூடியபோது, அங்கு இலவசமாகக் குடியிருந்த பக்கங்கள் பல மறைந்தன. ஏடு சிதையுமுன் படியெடுத்தவர் நம் முன்னோர். திங்கள்தோறும் தரவுத்தளத்தின் படியொன்றை நம் கையிலும் வைத்திருப்போம். வழங்கி மாறினும் கவிதை வாழும்.

வளர்க நம் வட்டம்!