மாளிகை வாசலில் கேட்க வேண்டிய கணக்கு



ஆற்காட்டு நவாபுகள் காலத்துத் தமிழகத்தை ஆராய்வதற்கென்று கூடிய அரங்கில், பிரிட்டனின் பழைய மாளிகைகளையும் தேவாலயங்களையும் பற்றித் தலைமை உரை ஆற்றுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சுற்றுலாக்காரர்கள் கட்டணம் செலுத்திப் பார்த்துவிட்டுப் போகும் அந்தக் கட்டடங்களில் பல, நம் வரலாற்றுக்கு மூல ஆவணங்கள். காஞ்சியிலோ உத்தரமேரூரிலோ ஒரு கல்வெட்டைப் படிக்கும் அதே கண்டிப்போடு அவற்றைப் படிக்க வேண்டும் என்பதே என் வாதம். தூணின் அழகு, கூரைச் சித்திரம், தோட்டத்தின் வடிவம் ஆகியவற்றை வழிகாட்டிகள் நன்றாகவே விளக்குகிறார்கள். எந்தப் பணத்தில் கட்டியது, அந்தப் பணம் யாருடைய நிலத்து வரியிலிருந்து போனது என்ற கணக்கைத்தான் நெடுங்காலம் சொல்லாமல் விட்டார்கள்.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள உட்ஹால் பார்க்கை எடுத்துக்கொள்வோம். 1777இல் தாமஸ் லெவர்ட்டன் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு அதைக் கட்டத் தொடங்கியவர் சர் தாமஸ் ரம்போல்டு. அடுத்த ஆண்டே அவர் சென்னையின் கவர்னர். 1780இல் பதவி விலகித் திரும்பினார், பிறகு நாடாளுமன்ற விசாரணையும் வந்தது. அவருக்குப் பின் அந்த மாளிகையை வாங்கியவர் பால் பென்ஃபீல்டு. சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுனைத் தாண்டாத கம்பெனி ஊழியர் அவர். அப்படிப்பட்டவர் தஞ்சையின் விளைச்சலின் மேல் தமக்கு இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் கடன் பாத்தியதை உண்டு என்று உரிமை கோரினார். 1773இல் நவாபும் கம்பெனிப் படையும் தஞ்சையைப் பிடித்திருந்தார்கள். 1776இல் கவர்னர் ஜார்ஜ் பிகட் அதை மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் இந்தக் கோரிக்கை எழுந்தது. அந்தத் தகராறு முற்றி, அதே ஆண்டு ஆகஸ்டில் கவுன்சில் உறுப்பினர்களே தங்கள் கவர்னரைச் சிறைபிடித்தார்கள். 1777 மே மாதம் அவர் காவலிலேயே இறந்தார். பிகட்டை நீதிமான் என்று கொண்டாடவும் முடியாது. முதல் முறை சென்னையை ஆண்டு திரும்பியதும், ஸ்டாஃபோர்ட்ஷயரில் பாட்ஷல் எஸ்டேட்டை ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கியவர் அவர். ஆக, காவிரிப் படுகையின் ஒரு போக நெல் யாருக்குப் போக வேண்டும் என்ற வழக்கின் இரு தரப்பும் இங்கிலாந்தில் ஆளுக்கொரு மாளிகையாக நிற்கின்றன. தஞ்சையின் மோடி எழுத்து ஆவணங்களை மட்டும் படிப்பவருக்குக் கதையின் பாதிதான் கிடைக்கும்.

தேவாலயங்களும் இப்படித்தான். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய நினைவுச் சின்னத்தில், முற்றுகையிடப்பட்ட திருச்சிராப்பள்ளியின் புடைப்புக் காட்சி இருக்கிறது. 1781இல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியை வென்ற அயர் கூட்டின் சின்னமும் அதே கூரையின் கீழ்தான். தாமஸ் பேங்க்ஸ் வடித்தது, சிறைப்பட்ட வீரன் ஒருவன் துயரத்தோடு அமர்ந்திருக்கும் உருவம் கொண்டது. வணிக நிறுவனம் ஒன்று தன் போர்களுக்கு வழிபாட்டிடத்தில் பளிங்கில் கணக்கெழுதி வைத்தது என்பதே அங்கு படிக்க வேண்டிய செய்தி. வேல்ஸில் பவிஸ் கோட்டைக்குப் போனால் திப்பு சுல்தானின் கூடாரம் இருக்கிறது. அது அங்கே சேர்ந்த கதையில் 1799இல் விழுந்த ஸ்ரீரங்கப்பட்டணமும் வருகிறது, அப்போது சென்னைக் கவர்னராக இருந்த எட்வர்டு கிளைவும் வருகிறார்.

இன்றைய நியாயத்தை வைத்து அன்றைய மனிதர்களை அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பொதுவாக நல்ல எச்சரிக்கைதான். இந்த இடத்தில் பொருந்தாது. ராபர்ட் கிளைவை 1772-73இல் விசாரித்தது அவர் காலத்து நாடாளுமன்றம். 1785 பிப்ரவரியில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் காமன்ஸ் சபையில் பேசியபோது, நம் ஏரிகளும் கண்மாய்களும் பாழானதையும் குற்றப்பட்டியலில் சேர்த்தார். பென்ஃபீல்டின் பெயரைச் சொல்லியே தாக்கினார். இந்தியாவில் சம்பாதித்துத் திரும்பியவர்களை ‘நபாப்’ என்று நையாண்டி செய்ததும் அன்றைய லண்டன்தான். இந்தக் கண்டனத்தை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவர்களே எழுதியதைப் பிற்காலத்து வழிகாட்டி நூல்கள் விட்டுவிட்டன.

இளைப்பாற வருகிறவர்களிடம் அரசியலைத் திணிப்பதா என்பது அடுத்த மறுப்பு. பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் அறக்கொடை அமைப்பான நேஷனல் டிரஸ்ட் தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடும் காலனி ஆட்சியோடும் இருந்த தொடர்பை 2020 செப்டம்பரில் அறிக்கையாக வெளியிட்டபோது எழுந்த கூச்சலின் சாரம் இதுதான். அறக்கொடைகளைக் கண்காணிக்கும் ஆணையம் விசாரித்து, டிரஸ்ட் சட்டத்தை மீறவில்லை என்று 2021இல் முடிவு சொன்னது. அறிக்கை குறையற்றது என்று நான் வாதாடவில்லை. பல தலைமுறை கைமாறிய வீட்டையும் நவாபு கடனில் நேரே எழும்பிய வீட்டையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைத்தால், படிப்பவர் இரண்டையும் ஒரே எடையில் எண்ணிக்கொள்வார். பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்வது வரலாற்றாசிரியரின் வேலை. ஆனால் உண்மை வந்தால் கூட்டம் போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரம் குறைவு. வேல்ஸின் எர்டிக் மாளிகையில், பார்வையாளர்களைப் பணியாளர்களின் வேலைக்கூடங்கள் வழியாகவே உள்ளே அழைத்துச் செல்லும் முறை உண்டு. சமையற்காரரும் தச்சரும் அங்கே படங்களில் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்குப் புகழ் தேடித் தந்ததே அதுதான்.

இந்தக் கேள்வியை அங்கே கேட்கும் நாம், காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் உள்ள செட்டியார் மாளிகைகளில் கேட்காமல் இருக்க முடியாது. அங்குள்ள பர்மாத் தேக்குத் தூண்களைத் தடவிப் பார்த்து வியக்கிறோம். 1930களின் மந்தத்தில் கடன் அடைபடாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால் பங்கு நிலம் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்ததையும், அதனால் மூண்ட பகையையும் எந்த வழிகாட்டி சொல்கிறார்? நகரத்தார் பட்ட இழப்பும் பெரிது. அதையும் சேர்த்தே சொல்லட்டும். அடுத்தவன் மாளிகைக்கு ஒரு நீதி, நம் வளவுக்கு வேறு நீதி என்றால் நம் ஆய்வை யாரும் மதிக்க மாட்டார்கள்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் வருவாய்ப் பதிவுகள், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கம்பெனிப் பதிவுகள், அந்த மாளிகைகளின் எஸ்டேட் கணக்குகள் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் வேலை இன்னும் நிறைய இருக்கிறது. இங்கு கட்டுரை படிக்க வந்திருக்கும் இளைஞர்கள் ஆளுக்கொரு மாளிகையை எடுத்துக்கொண்டு, அதன் பணம் எந்தத் தாலுகாவிலிருந்து போனது என்று கண்டு எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொண்டு, இந்தக் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.