மேனியில் விழும் மங்கு
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



என் பேச்சின் பொருளைத் தலைவர் அறிவித்தபோது முன்வரிசையிற் சிலர் புன்னகை புரிந்தார்கள். முகத்துக் கரும்புள்ளியைப் பற்றி இளைஞர் சங்க மேடையிற் பேசுவதா என்று எண்ணியிருப்பார்கள். ஆயினும் நம் வீடுகளிற் பலர் வெளியே சொல்லாமல் உள்ளூர வருந்தும் காரியங்களுள் இதுவும் ஒன்று. வருத்தம் மறைவாக இருப்பதனால் மருந்தும் மறைவாகவே வாங்கப்படுகிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதாத சிறு சிமிழ் ஒன்று கல்யாணத்துக்கு இரண்டு மாதமிருக்கக் கையிலிருந்து கைக்கு மாறுகிறது. அத்தகைய சிமிழ்களால் முகம் வெந்தவர்களும் சிறுநீரகம் கெட்டவர்களும் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆகையாற் புன்னகையைச் சற்று ஒதுக்கிவைத்துக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

நமது தோலின் மேற்படையின் அடித்தட்டில் மெலனின் என்னும் நிறப்பொருளை ஆக்கும் கலங்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் கிளைபோன்ற கைகளை நீட்டி, அயலிலுள்ள ஏறக்குறைய 36 கலங்களுக்கு நிறமணிகளைப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. வாங்கிய கலம் அம்மணிகளைத் தன் கருவின்மேற் குடைபோலக் கவித்து வைத்துக்கொள்கிறது. வெயிலின் புறவூதாக் கதிர் கருவிலுள்ள பரம்பரைப் பொருளைச் சிதைக்காமற் காப்பது அந்தக் குடையே. வெள்ளையருக்கும் நமக்கும் நிறமாக்கும் கலங்களின் தொகை பெரும்பாலும் ஒன்றுதான். மணிகளின் பருமனிலும் அளவிலும் வகையிலுமே வேற்றுமை. அழுக்கென்று தேய்க்கிறோமே, அது நம் உடல் நமக்குப் பிடித்த குடை!

இந்தக் கலங்களுக்கு ஒரு சுபாவம் உண்டு. தோலிற் புண், சூடு, அழற்சி எது நேர்ந்தாலும் கலவரமுற்று, வழக்கத்திலும் அதிகமாக மெலனினை ஆக்கிவிடும். பரு ஆறிய இடத்திலும், நுளம்பு கடித்துச் சொறிந்த இடத்திலும், சமையலறையில் எண்ணெய் தெறித்த இடத்திலும் கறுப்பு விழுவது இதனாலேயே. கறுத்த மேனியருக்கு இது அதிகம். நிறம் மேற்படையளவில் நின்றால், தோல் தானே உதிர்ந்து புதுப்பிக்கும்போது சில மாதங்களில் மறையும். கீழ்ப்படைக்கு இறங்கிவிட்டாற் சாம்பல் நீலமாகத் தோன்றி ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் இரு பக்கமும் ஒத்தாற்போற் படரும் மங்கு வேறு வகையானது. கர்ப்பகாலத்திலும், கருத்தடை மாத்திரை உட்கொள்ளும்போதும், பரம்பரையாலும் வரும். பிள்ளைப் பேற்றின் பின் பலருக்கு மங்கிவிடும், எல்லோருக்கும் அன்று. அதை வளர்ப்பது வெயில். கண்ணாடி யன்னலின் ஓரம் இருந்தாலும் புறவூதாக் கதிரில் ஒரு பகுதி உள்ளே வந்துவிடும். கண்ணுக்குப் புலப்படும் ஒளிகூட மங்கைக் கறுக்கச் செய்யும்.

காயமே கறுப்பைத் தருவதாயின், கறுப்பைப் போக்கவென்று நாம் செய்யும் காயங்கள் என்ன செய்யும்? தேசிக்காயைப் பாதியாக வெட்டி முகத்தில் உரைப்பவர்கள் இங்கே இல்லாமலிருக்க மாட்டார்கள். தேசிக்காய்ச் சாற்றிலுள்ள ஒரு பொருள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கக்கூடியது. ஆறியபின் அவ்விடத்திலே புதிய கறுப்பு நிற்கும். தேசிக்காயை ரசத்துக்கு வைத்துக்கொள்வதே நலம். முற்றிய பீர்க்கங்காயின் தும்பினால் முதுகையும் கழுத்தையும் அன்றாடம் உரஞ்சுவதும் அவ்வாறே. ஓயாத உரசலுக்கும் தோல் கறுக்கும். கழுத்தின் பின்புறம் கறுத்து வெல்வெற்றுப்போல் தடித்திருந்தால் அது ஊத்தையன்று. பெரும்பாலும் இன்சுலின் சரிவர வேலை செய்யாமையின் அறிகுறி. அங்கே வேண்டியது சவர்க்காரமன்று, குருதியிற் சீனியின் அளவைச் சோதிப்பதே. எத்தனை தாய்மார் இதற்காகப் பிள்ளையைக் கிணற்றடியில் வைத்து ஏசியிருப்பார்கள்!

நமது வழக்கத்தோடு நெருங்கிய ஒன்றையும் சொல்லவேண்டும். சாயங் கலந்த குங்குமம் சிலரது நெற்றியிற் கருந்தழும்பை உண்டாக்கும். ஒட்டுப்பொட்டின் பசையிலுள்ள ஓர் இரசாயனம் நேர்மாறாக, நிறக்கலங்களையே கொன்று வெண்புள்ளியை உண்டாக்கும். பொட்டு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. தினவு கண்டதும் அந்தப் பொட்டை நிறுத்திவிடுங்கள்.

இனி அந்தச் சிமிழ்களுக்கு வருகிறேன். மேனியை வெளுக்கச் செய்யலாமென்ற ஆசைக்கு ஒரு வினோதமான சரித்திரம் உண்டு. அமெரிக்காவிலே தோல் பதனிடும் சாலையொன்றில் வேலை செய்தவர்களின் கைகள் திட்டுத்திட்டாக வெளுத்தன. அவர்கள் அணிந்த றப்பர்க் கையுறையில் ஐதரோக்குயினோன் இனத்துப் பொருளொன்று இருந்ததே காரணமென 1939இல் வெளியிட்டார்கள். அக்குடும்பத்துப் பொருட்கள் பின்னர் மருந்தாகவும் அழகுச் சாதனமாகவும் புகுந்தன. தென்னாபிரிக்காவிற் கறுப்பினப் பெண்கள் ஐதரோக்குயினோன் கிறீமை ஆண்டுக்கணக்கிற் பூசியதனால், வெளுப்பதற்குப் பதிலாக முகத்தில் நீலக்கறுப்பான கறை ஆழப் பதிந்ததை 1975இல் வைத்தியர்கள் விவரித்தார்கள். அக்கறையை நீக்குவது மிகக் கடினம். 1990இல் அந்நாடு அழகுச் சாதனங்களில் அப்பொருளைத் தடைசெய்தது. ஜப்பானிலே 2013இல், வெளுக்கவைக்கும் பூச்சு ஒன்று பல்லாயிரவர் மேனியில் வெண்புள்ளிகளை உண்டாக்கியதனாற் கடைகளிலிருந்து மீளப் பெறப்பட்டது. அறிவியலில் தேர்ந்த நாட்டிலே இப்படியென்றால், பெயரில்லாச் சிமிழின் கதி என்ன?

பெயரில்லாச் சிமிழிற் பெரும்பாலும் இரண்டிலொன்று இருக்கும். ஒன்று பாதரசம். அது மெலனினை ஆக்கும் நொதியத்தைத் தடுக்கும். ஆகவே நிறம் மெய்யாகவே குறையும். அதுதான் ஆபத்து. பலன் கண்டவர் அடுத்தவருக்கும் சொல்வார். தோல்வழியே உட்சென்ற பாதரசம் சிறுநீரகத்தை நலியச் செய்யும். பூசியவரின் கையாலும் தலையணையாலும் வீட்டுக் குழந்தைக்கும் போய்ச் சேரும். மினமாட்டா உடன்படிக்கை பாதரசஞ் சேர்த்த அழகுச் சாதனங்களை 2025க்குள் முற்றாக நிறுத்த வகைசெய்திருந்தும், சட்டத்திற்குத் தெரியாத வழிகள் சிமிழுக்குத் தெரியும். தங்கத்திலோ வெள்ளியிலோ படவிடாதீர்கள் என்று ஒரு கிறீமின் உறையில் எழுதியிருந்தால் உடனே சந்தேகங் கொள்ளுங்கள். நகையைக் கெடுப்பது பாதரசம். தாலிக்கொடிக்கு ஆகாததை அதன் அருகிலுள்ள தோலுக்குப் பூசலாமா?

மற்றது வலிமையான ஸ்டீரொயிட். பூசிய சில நாட்களில் முகம் வழுவழுப்பாகிப் பிரகாசிக்கும். மாதங்கள் செல்லத் தோல் மெலிந்து, நாளங்கள் செந்நூல்களாகத் தெரியும், பரு பெருகும், பெண்களுக்கு முகத்தில் மயிர் முளைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அந்த எரிவுக்கு அஞ்சி மீண்டும் பூசுவார்கள். ஆண்கள் இதற்கு விதிவிலக்கென்று நினைக்கவேண்டாம்.

சாந்தமான வழி ஒன்று உண்டா? உண்டு, ஆனால் அது மெல்லச் செல்லும் வழி. முதலாவது நிழல். காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் வெளியே போவதானால் குடை அல்லது அகன்ற தொப்பி. நம் தாய்மார் குடைபிடித்துக் கோயிலுக்குப் போனதை நாகரிகமில்லாதது என்று பரிகசித்தவர்கள் இப்போது சன்ஸ்கிறீன் வாங்குகிறார்கள். வாங்குவதில் தவறில்லை. காப்பெண் 30 அல்லது அதற்கு மேற்பட்டது, போதியளவு தடித்த பூச்சாக, இரண்டு மணிக்கொருமுறை. மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஒட்சைட்டு கலந்த நிறப்பூச்சு மேலானது. வெண்ணிறச் சன்ஸ்கிறீன் மறைக்காத ஒளியையும் அது மறைக்கும். இரண்டாவது, பருவைக் கிள்ளாமல் பருவுக்கே வைத்தியம் செய்வது. ஊற்று அடைபடாமல் வாளியால் நீரிறைத்துப் பயனில்லை.

மருந்துகளுள் எனக்கு மிகப் பிடித்தது அசெலயிக் அமிலம். காரணம் அதன் பிறப்பு. நெஞ்சிலும் முதுகிலும் படரும் தேமல் ஏன் வெளிறியிருக்கிறதென்று ஆராய்ந்த இத்தாலியராகிய நசாரோ-போரோ, பாசி என்போர், அதற்குக் காரணமான பங்கசு ஆக்கும் அமிலங்கள் மெலனின் நொதியத்தைத் தடுப்பதை 1978இல் அறிவித்தார்கள். நாம் அருவருத்த தேமலே மங்குக்கு மருந்து காட்டியது! 15 முதல் 20 வீதக் கிறீமாக வருகிறது. கர்ப்பிணிகளுக்கும் பெரும்பாலும் பாதுகாப்பானது. நயசினமைட்டும் மெதுவானதே, நிறமணி கைமாறுவதைக் குறைக்கும். ஐதரோக்குயினோனையும் நான் முற்றாகப் பழிக்கவில்லை. தோல் வைத்தியர் அளவிட்டுச் சில மாதங்கள் மட்டும் தந்தால் அது சிறந்த மருந்தே. எதுவாயினும் பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். எரிந்தால் நிறுத்துங்கள், எரிவு வேலை செய்வதன் அடையாளமன்று.

இங்கே மங்கும் மாநிறமும் ஒன்றல்ல என்பதைப் பிரித்துச் சொல்லவேண்டும். மங்கு தோலின் ஒரு கோளாறு. அதற்குப் பரிகாரம் தேடுவது நியாயம். மாநிறம் கோளாறன்று. சங்கப் புலவர்கள் மாந்தளிர் போன்ற மாமை நிறத்தைப் பெண்ணின் அழகென்று பாடினார்கள். பிரிவுத் துயரால் அந்நிறம் வெளிறிப் பசலை பாய்வதையே நோயென்றார்கள். நாமோ பசலையைக் காசு கொடுத்து வாங்குகிறோம்! நான் கற்ற மிஷன் பாடசாலையில் நத்தார் நாடகத்துக்குத் தேவதூதர் வேடம் ஒவ்வோராண்டும் வெள்ளை நிறப் பிள்ளைக்கே போய்ச்சேரும். கறுத்த நாங்கள் ஆட்டிடையர். மணமகள் தேவை விளம்பரம் எழுதும் பெரியவர்களும் நிறத்தை முதல் வரியில் வைக்கிறார்கள். சிமிழ் விற்பவன் அந்த வரியைத்தான் வாசிக்கிறான்.

கடைசியாக, எந்தப் பூச்சுக்கும் முன்னர் வைத்தியரிடம் காட்டவேண்டியவை சில. ஒரு மச்சம் உருமாறினாலோ, ஓரம் ஒழுங்கற்றுப் பரவினாலோ, இரத்தம் கசிந்தாலோ தாமதிக்கலாகாது. உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலும் புதிதாகத் தோன்றும் கருங்கோட்டை அலட்சியம் செய்யவேண்டாம். நம்மைப் போன்ற நிறத்தவருக்குத் தோற் புற்றுநோயின் கொடிய வகை அங்கே வருவதுண்டு. தேமலென்று நினைக்கும் வெளிறிய தழும்பில் தொடுவுணர்ச்சி குறைந்திருந்தால் அது தொழுநோயாயிருக்கலாம். இந்நாட்டில் இன்றும் ஆண்டுதோறும் புதியவர்களிடம் அந்நோய் காணப்படுகிறது. வெட்கப்பட்டு மறைக்கவேண்டியதில்லை. 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை எடுத்தால் முற்றாகக் குணமாகும். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குப் பணம் இல்லை.