எட்டாம் வகுப்புக்குப் பிறகு அந்தப் பெயர் எங்கே போகிறது?

(மரக்காணம் ஒன்றியக் குறுவளமையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நம் பள்ளிகளில் நடந்த மாணவர் செயல்பாடுகள், சாதனைகள் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் பேச வருகிறவரை யாருக்கும் பிடிக்காது என்று தெரியும். நேரத்தோடு முடித்துவிடுகிறேன்.

கலைத் திருவிழாவை எல்லோரும் பார்த்தோம். 2022-23இல் தொடங்கியபோது அது ஆறாம் வகுப்புக்கு மேல்தான் இருந்தது. இப்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் மாறுவேடத்தில் மேடை ஏறுகிறது. வென்றவர்களின் படங்கள் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டன, வாழ்த்தும் சொல்லிவிட்டோம். அதனால் அதை நீட்டப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நடனம், பேச்சு, ஓவியம் என்று எதை எடுத்தாலும் அதே மூன்று பிள்ளைகள் வந்து நிற்கும் பள்ளிகள் உண்டு. ஊமையாக உட்கார்ந்திருந்த பையன் களிமண்ணைக் கொடுத்ததும் நண்டு செய்து வைத்த பள்ளியும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது.

அடுத்தது அறிவியல். வானவில் மன்றம் வந்தபின் சோதனைகள் செய்ய ஒரு சாக்குக் கிடைத்தது. எங்கள் எட்டாம் வகுப்பில் கடல்நீரையும் அளத்துப் பாத்தித் தண்ணீரையும் இரண்டு குவளைகளில் வைத்தோம். கடல்நீரில் முட்டை மூழ்கியது, பாத்தித் தண்ணீரில் மிதந்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புதான் இருக்கிறது. பாத்தியில் அது பல மடங்கு செறிந்து, 25 டிகிரி போமே அளவுக்கு வரும்போது உப்புப் படியத் தொடங்குகிறது. பாடநூலில் ‘ஆவியாதல்’, ‘படிகமாதல்’ என்று இரண்டு சொற்கள். தகப்பன் அளத்தில் வேலை செய்யும் பையனோ, ‘30 டிகிரிக்கு விடக் கூடாது சார், அதுக்கப்புறம் கசப்புத் தண்ணி, வெளியே விட்டுடணும்’ என்கிறான். மெக்னீசியம் உப்புகளைப் பற்றி அன்று நான் நடத்த வேண்டியிருந்த பாடத்தில் பாதியை அவனே நடத்திவிட்டான். இதற்குப் பரிசு கிடையாது. ஆனாலும் நம் பட்டியலில் இது இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கழுவெளியும் அப்படித்தான். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த நீர்நிலை. பூநாரை பார்க்க எங்கிருந்தோ கேமராவோடு வருகிறார்கள். நம் பிள்ளைகள் சைக்கிளில் போய்ப் பார்த்து, நாள் போட்டு நோட்டில் எழுதுகிறார்கள். பெயர் தெரியாத பறவைக்குத் தாங்களே வைத்த பெயர்களும் அந்த நோட்டில் உண்டு. அவற்றைத் திருத்த வேண்டாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

இல்லம் தேடிக் கல்வியை முதலமைச்சர் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கி வைத்தது நம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில். நமக்கெல்லாம் பெருமைதான். கொரோனா விடுமுறையில் எழுத்தை மறந்துபோன பிள்ளைகளை மாலையில் உட்கார வைத்துப் படிக்கவைத்தவர்கள் அந்தந்தத் தெருவின் அக்காக்கள். அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் பின்னாளில் என் வகுப்புக்கு வந்து, தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வுக்குத் தயாரானார்கள்.

நான் பேச வந்ததே இந்தத் தேர்வைப் பற்றித்தான்.

எட்டாம் வகுப்பில் எழுதுவது. மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். அளம் மூடிக் கிடக்கும் மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய். அதன் பக்கத்தில் இந்தத் தொகையை வைத்துப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை மார்ச் மாதத்தில் அளத்துக்கு அனுப்புவதா, பள்ளிக்கு அனுப்புவதா என்று ஒரு வீடு யோசிக்கும்போது இந்த ஆயிரம் ரூபாய்க்கு எடை உண்டு.

முடிவு வந்ததும் பள்ளியில் சால்வை, படம், செய்தி. அதோடு சாதனை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் பணம் அந்த முடிவைப் பார்த்துத் தானாக வருவதில்லை. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபின், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதை ஒன்பதாம் வகுப்புப் பள்ளி சரிபார்க்க வேண்டும், பிறகு மாவட்டம் சரிபார்க்க வேண்டும். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். இணையதளம் ஆண்டில் சில மாதம்தான் திறந்திருக்கும். ஒன்பதாம் வகுப்பில் விண்ணப்பம் போகவில்லை என்றால், பத்தாம் வகுப்பில் புதுப்பிக்க எதுவும் இருக்காது.

நமது நடுநிலைப் பள்ளிகள் எட்டோடு முடிகின்றன. தேர்வில் வென்ற பிள்ளை ஜூனில் வேறு பள்ளிக்குப் போய்விடுகிறது. எமிஸில் பொதுத் தொகுப்பில் விடுகிறோம், அங்கிருந்து அடுத்த பள்ளி எடுத்துக்கொள்கிறது. மாற்றுச் சான்றிதழில் மச்சம் எங்கே இருக்கிறது என்று எழுத இடம் உண்டு. இந்தத் தேர்வில் வென்றவர் என்று எழுத இடம் கிடையாது.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெண். சுட்டியானவள், தேர்வில் வென்றவள். வேறு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தாள். பொங்கலுக்குப் பிறகு அவள் அம்மா என்னை வழியில் நிறுத்தி, ‘சார், பாப்பாவுக்கு அந்தப் பணம் எப்ப வரும்?’ என்று கேட்டார். விசாரித்தால் விண்ணப்பமே போகவில்லை, இணையதளமும் மூடிவிட்டது. யார் மேலும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு ஆசிரியரின் பொறுப்பு ஏப்ரலோடு முடிந்தது. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியருக்கு அறுபது பிள்ளைகளில் அப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இணையதளம் தெரியாது. ஆனால் அந்த அம்மாவுக்கு 48,000 ரூபாய் இல்லை என்று நான்தான் நடுத்தெருவில் நின்று சொல்ல வேண்டியிருந்தது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், இது நமக்கில்லை என்று எழுந்துவிடாதீர்கள். ஆதாரில் ஒரு பெயர், எமிஸில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் முதலெழுத்து வேறு என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். அந்த எழுத்துப் பிழை பெரும்பாலும் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையில் பிறந்தது. ஐந்தாம் வகுப்பை விட்டுப் போகுமுன் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். வருமானச் சான்றும் அப்படித்தான். அளத்துக்கு விடியுமுன் போகிறவர்கள் இ-சேவை மையத்துக்கு ஒரு நாள் போனால் அன்றைய கூலி போச்சு. நாம் பள்ளியிலேயே தாள்களைத் திரட்டிக் கொடுத்தால் இரண்டு நடை குறையும்.

மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னொன்று. பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு எடுத்தால்தான் பதினொன்றில் உதவித்தொகை தொடரும். பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ஜூன் மாதமே சொல்லுங்கள். மதிப்பெண் வந்தபின் சொல்லிப் பயனில்லை.

ஒரு தாள் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். நடுநிலைப் பள்ளிகள், கடந்த ஆண்டு தேர்வான பிள்ளைகள் இப்போது எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று எழுதுங்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள், உதவித்தொகை விண்ணப்பத்தைப் பார்க்கும் ஆசிரியர் யார் என்று எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து நானே இன்று மாலைக்குள் குழுவில் போட்டுவிடுகிறேன். விண்ணப்பம் போகாத பெயர் இருந்தால் அதை மட்டும் வட்டமிட்டு வையுங்கள். தாள் வாசல் பக்கத்து மேசையில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாப்பிடப் போகும் வழிதான்.