சுபாவமும் வியாபாரமும்

(எங்கள் புனே கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் வியாபாரம் செய்தவன் அல்ல. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்து, 1972-ல் மத்திய அரசின் கொள்முதல் பிரிவு ஒன்றில் சேர்ந்து, 2010-ல் ஓய்வு பெற்றேன். ஆனால் அந்த முப்பத்தெட்டு வருஷமும் வியாபாரிகளோடு மேஜையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். அந்த அனுபவத்தில் பேசுகிறேன். அதில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லப் போகிறேன்.

போன வருஷம் என் மருமான் ஒரு காகிதத்தோடு வந்தான். அவனுக்கு முப்பத்தைந்து வயது. ஒரு கம்பெனியில் நல்ல உத்தியோகம். அதை விட்டுவிட்டு, கூட வேலை பார்த்த நண்பரோடு சேர்ந்து சொந்தத் தொழில் தொடங்க உத்தேசம். யாரோ ஆலோசகர் சொன்னார் என்று இருவரும் ஒரு வினாத்தாளுக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். இவனுக்கு ஐ.என்.டி.ஜே. என்றும், நண்பருக்கு ஈ.எஸ்.எஃப்.பி. என்றும் முடிவு வந்திருக்கிறது. நான்கு எழுத்தும் நேர் எதிர். "மாமா, இந்தப் பொருத்தம் சரியில்லேங்கறா. அவரோட சேரலாமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்கோ" என்றான்.

ஜாதகப் பொருத்தம் பார்க்க வந்தவன் மாதிரி நின்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவனுடைய பத்து வருஷச் சேமிப்பு அந்த நான்கு எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் அந்த எழுத்துகளின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த கார்ல் யுங் என்ற மனோதத்துவ அறிஞர் 1921-ல் மனித சுபாவங்களை வகைப்படுத்தி ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்ற அம்மையாரும் அவருடைய பெண் இஸபெல் பிரிக்ஸ் மையர்ஸும் அதை ஆதாரமாக வைத்து, இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். அவரவருக்கு ஏற்ற வேலையைக் கண்டுபிடிக்க உதவ வேண்டும் என்பது நோக்கம். இருவருமே உளவியலில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நோக்கம் நல்ல நோக்கம்.

வெளியே பழகுவதில் உற்சாகம் பெறுபவரா, தனித்திருப்பதில் பெறுபவரா. கண்ணால் கண்டதை நம்புபவரா, உள்ளுணர்வை நம்புபவரா. அறிவால் முடிவெடுப்பவரா, உணர்ச்சியால் எடுப்பவரா. திட்டமிட்டு நடப்பவரா, வந்தபடி பார்த்துக்கொள்பவரா? இப்படி நான்கு ஜோடிகள். ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்தால் பதினாறு வகை. உலகத்து ஜனங்கள் அத்தனை பேரும் இந்தப் பதினாறு பெட்டிக்குள் அடக்கம்.

இதில் பிரயோஜனமே இல்லை என்று சொல்ல மாட்டேன். "எனக்கு எழுதிப் பார்த்தால்தான் யோசனை ஓடும், கூட்டத்தில் உடனே பதில் வராது" என்று ஒருவர் சங்கோஜமில்லாமல் சொல்ல இது ஒரு பாஷையைக் கொடுக்கிறது. சண்டை இல்லாமல் வித்தியாசத்தைப் பேச முடிகிறது. அந்த அளவில் நல்லதுதான். வந்த சங்கடமெல்லாம் அதற்கு மேல் போனதில்தான்.

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் எனக்கு மூன்று சந்தேகம்.

ஒன்று, நடுவில் கிழிக்கிற கோடு. ஐந்தடி ஆறு அங்குலத்துக்கு மேல் இருப்பவர் எல்லாம் நெட்டை, கீழே இருப்பவர் எல்லாம் குட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு அரை அங்குலம் மேலே ஒருவர், அரை அங்குலம் கீழே ஒருவர். இரண்டு பேரும் நேர் எதிர் வகை ஆகிவிடுவார்கள். சுபாவத்திலும் பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள். இரண்டு ஓரத்தில் அல்ல.

இரண்டு, ஒரு தராசு இன்று காட்டும் எடையை நாளையும் காட்ட வேண்டும். இந்த வினாத்தாளை ஐந்து வாரம் கழித்து அதே நபரிடம் கொடுத்தால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு எழுத்தாவது மாறிவிடுவதாகச் சில ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்க இதை உபயோகிக்கக் கூடாது என்று இந்தத் தேர்வை வெளியிடுகிறவர்களே சொல்கிறார்கள். கூட்டாளியைத் தேர்ந்தெடுக்க மட்டும் எப்படி ஆகும்?

மூன்று, "என்னைப் பற்றி அப்படியே சொல்லியிருக்கிறதே!" என்ற வியப்பு. 1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற பேராசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்தார். பிறகு, "இது உங்கள் தனிப்பட்ட சுபாவ விவரம்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள்தான். வாசகங்களை எடுத்ததோ, கடையில் விற்கும் ஜோஸ்யப் புத்தகத்திலிருந்து. இங்கே ஜோஸ்யத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஃபோரர் செய்ததைத்தான் சொன்னேன்.

சுபாவம் என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. எந்தத் தொழிலானாலும் பொறுப்புணர்ச்சி உள்ளவர் சற்று நன்றாகவே வேலை செய்கிறார் என்று 1991-ல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஆனால் அந்தத் தொடர்பும் மிதமானதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலான சந்தேகம் ஒன்று உண்டு. அதைக் கல்லூரிப் பாடத்தை வைத்துச் சொல்கிறேன். தண்ணீர் அமிலமா, காரமா? ஹைட்ரஜன் குளோரைடோடு சேர்ந்தால் தண்ணீர் புரோட்டானை வாங்கிக்கொள்கிறது. அங்கே அது காரம். அம்மோனியாவோடு சேர்ந்தால் புரோட்டானைக் கொடுக்கிறது. அங்கே அது அமிலம். எதோடு சேர்ந்திருக்கிறது என்று தெரியாமல் கேள்விக்குப் பதில் கிடையாது. வியாபார உறவும் அப்படித்தான். தனியாக உட்கார்ந்து வினாத்தாளை நிரப்பிய ஒருவரைப் பற்றி அது ஏதோ சொல்லலாம். இரண்டு பேர், நடுவில் பணம், அதற்கு ஒரு கெடு என்று வரும்போது நடப்பது வேறு.

இதற்கு ஒரு நல்ல சோதனை 2004-ல் வெளியாயிற்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களை இருவர் இருவராக ஒரு விளையாட்டு ஆடச் சொன்னார்கள். இருவரும் ஒத்துழைத்தால் இருவருக்கும் லாபம். ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்கு அதிக லாபம். யார் ஒத்துழைப்பார், யார் ஏமாற்றுவார் என்று விடுதியில் அவர்களை நன்கு அறிந்தவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார்கள். சிலரிடம் விளையாட்டின் பெயர் "சமூக விளையாட்டு" என்றும், சிலரிடம் "வால் ஸ்ட்ரீட் விளையாட்டு" என்றும் சொன்னார்கள். விதிகள் ஒன்றே. முதல் பெயரைக் கேட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஒத்துழைத்தார்கள். இரண்டாவது பெயரைக் கேட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். தெரிந்தவர்கள் கொடுத்த நற்சான்றும் துர்ச்சான்றும் எதற்கும் உதவவில்லை.

இப்போது என் தவறு.

1986 என்று ஞாபகம். கோலாப்பூர்ப் பக்கத்தில் சின்ன வார்ப்படப் பட்டறை வைத்திருந்த ஒருவர் எங்களுக்கு வால்வு உறைகள் செய்து கொடுத்துவந்தார். தொடர்ந்து மூன்று முறை தாமதம். நேரில் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு, "ஆகிவிடும் சார்" என்பார். காரணம் சொல்ல மாட்டார். நான் கோப்பில் ஒரு வரி எழுதினேன்: "இவர் இயல்பிலேயே பொறுப்பற்றவர், வாக்குத் தவறுபவர்." மேலதிகாரி கையெழுத்திட்டார். அங்கீகரிக்கப்பட்டவர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயர் போயிற்று.

இரண்டு வருஷம் கழித்து, வேறு ஒரு தணிக்கைக்காகப் பழைய கோப்புகளின் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்க்க நேர்ந்தது. அவர் கொடுத்த மாதிரியைப் பரிசோதிக்க எங்கள் ஆட்கள் நாற்பது நாள் எடுத்திருந்தார்கள். முந்தைய பில்லுக்கு நாங்கள் பணம் கொடுத்தது நான்கு மாதம் கழித்து. அவரோ இரும்பும் கோக் கரியும் ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டியவர். அதே மாதங்களில் மற்றவர்களும் தாமதித்திருக்கிறார்கள். அவர்கள் வாய்ச் சாமர்த்தியத்தோடு காரணம் சொன்னதால் தப்பினார்கள். விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு தனியார் கம்பெனிக்கு அவர் ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லையாம். அங்கே முப்பது நாளில் பணம் வந்துவிடும்.

அதே மனிதர், வாங்குபவர்தான் வேறு. நான் தண்ணீரை அமிலம் என்று எழுதி முத்திரை குத்திவிட்டேன். அவர் பெயரைத் திரும்பச் சேர்க்க ஏற்பாடு செய்து கடிதம் அனுப்பினேன். கடிதம் திரும்பி வந்தது. பட்டறையை மூடிவிட்டார்கள்.

அந்த ஒரு வரியை அவர் பார்க்கவே இல்லை என்பதுதான் இன்றும் எனக்கு உறுத்தல். பார்த்திருந்தால் ஒரு பதிலாவது எழுதியிருப்பார். அரசு ஊழியர்களுக்கே அந்த நாளில் தங்களைப் பற்றிய ரகசியக் குறிப்பில் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியாது. 2008-ல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம், நல்லதோ கெட்டதோ எல்லாக் குறிப்பையும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முத்திரை குத்தப்படுகிறவனுக்குப் பதில் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வேண்டும் என்பதே அதன் சாரம்.

நம் பெரியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஸத்வம், ரஜஸ், தமஸ் என்று மூன்று குணங்களைச் சொன்ன கீதையின் பதினான்காம் அத்தியாயமே, ஒன்று மற்ற இரண்டையும் அமுக்கி மேலே வருகிறது, பிறகு வேறொன்று மேலே வருகிறது என்றும் சொல்கிறது. ஒரே மனிதனிடத்தில் மூன்றும் மாறி மாறி வரும். நாம்தான் அதை, "அவன் தாமஸப் பிரகிருதி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டோம். வள்ளுவர் ஆள் தேர்வுக்கு அடுத்தடுத்து இரண்டு அதிகாரம் வைத்தார். ஒருவனுக்கு உரைகல் அவன் செய்த காரியமே என்பது முதலதிகாரத்தில் வருகிறது. எவ்வளவு சோதித்து எடுத்தாலும், காரியத்தில் இறங்கியபின் வேறாகிப் போகிறவர் பலர் என்ற எச்சரிக்கை அடுத்ததில் வருகிறது.

சரி, மருமானுக்கு என்ன சொன்னேன்? "அந்தக் காகிதத்தை மடித்து வை. நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து நான்கு கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றேன். முடிவு யார் எடுப்பது? பணம் எப்போது, யாருக்கு, எவ்வளவு? வேலை தாமதமானால் முதலில் யார் யாரிடம் சொல்வது? ஒருவர் விலக நினைத்தால் எப்படி?

இவற்றை எழுதிக்கொள்ளாவிட்டால் சட்டம் தானே பதில் வைத்திருக்கிறது. 1932-ம் வருஷக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபமும் நஷ்டமும் சமபங்கு. எவ்வளவு உழைத்தாலும் கூட்டாளிக்குச் சம்பளம் கேட்க உரிமை இல்லை. சாதாரண விஷயங்களில் பெரும்பான்மை முடிவு என்கிறது சட்டம். இரண்டே பேர் இருக்கும் இடத்தில் பெரும்பான்மை ஏது? சிறு தொழில்களுக்கான 2006-ம் வருஷச் சட்டமும், வாங்குபவர் எப்படிப்பட்ட சுபாவக்காரர் என்று கேட்பதில்லை. எழுதி ஒப்புக்கொண்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடு, தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி என்கிறது. அந்தக் கோலாப்பூர்க்காரர் காலத்தில் இப்படி ஒன்று இருந்திருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து இருவருமே வந்தார்கள். "வந்தபடி பார்த்துக்கொள்பவர், திட்டமில்லாதவர்" என்று காகிதம் சொன்ன நண்பருக்கு வீட்டுக் கடன் தவணை இருக்கிறது; மாதாமாதம் ஒரு தொகை கைக்கு வந்தே ஆக வேண்டும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, தேதியைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் நழுவியிருக்கிறார். என் மருமானோ இரண்டு வருஷம் ஒரு பைசா எடுக்கக் கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தான். அதை வாய் திறந்து சொல்லவில்லை. நான்கு எழுத்தில் இருந்த முரண்பாடு இவ்வளவுதான். மாதம் எடுக்கும் தொகையையும் அதற்கு ஈடாக லாபத்தில் குறையும் பங்கையும் எழுதிக்கொண்டார்கள்.

தொழில் நடந்துகொண்டிருக்கிறது. சண்டை இல்லை என்று சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ஒரு தரம் எனக்கு ஃபோன் வருகிறது. இப்போதெல்லாம் அவன், "அவர் டைப்பே அப்படி மாமா" என்று ஆரம்பித்தால், "என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது, அவரிடம் கேட்டாயா?" என்று மூன்று கேள்வி கேட்கிறேன். பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்கு, "இன்னும் கேட்கலை" என்றுதான் பதில் வரும்.

1986-ல் என்னை அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்க ஒருவர் இல்லாமல் போனார். இங்கே தொழில் செய்கிற, செய்யப் போகிற இளைஞர்கள் பலர் இருக்கிறீர்கள். ஒருவரைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.